அவரை காய்க்க எத்தனை நாள்?

1

அகதிக் குழந்தைகளைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த சிறார் புத்தகங்களைக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காட்சி திரும்ப வந்து எதிரே நிற்கிறது. புது நாட்டில், புது நகரத்தில், ஒரு குழந்தை குனிந்து மண்ணைத் தோண்டுகிறது. கையில் இருக்கும் விதையைப் போட்டு மூடுகிறது. குறைந்தது இரண்டு முக்கியமான புத்தகங்களில் அந்த விதை அவரை வகையைச் சேர்ந்தது.

ஏன் அவரை என்பது புரியாத விஷயமில்லை. பாக்கெட்டில் அடங்கும், காய்ந்தாலும் உயிரோடு இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் முளைத்து முகம் காட்டிவிடும். நம்மில் பலரும் பள்ளிக்கூடத்தில் ஈரப் பஞ்சில் பயறு முளைக்க வைத்திருப்போம். குழந்தைக்குப் பொறுமை கம்மி என்பது விதைக்கே தெரிந்த மாதிரி இருக்கும்.

முதல் புத்தகம் சாரா கார்லண்ட் எழுதி வரைந்த 'அஸி இன் பிட்வீன்' (2012). நியூசிலாந்தில் அகதிக் குடும்பங்களோடு பழகிய அனுபவத்திலிருந்து அவர் செய்த படக்கதை. பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டில் போர். அஸியும் அப்பா அம்மாவும் இரவோடு இரவாகத் தப்பிக்கிறார்கள். பாட்டி பின்தங்கிவிடுகிறாள். புது ஊரில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே அறை. டாக்டராக இருந்த அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதைகளைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மிச்சமிருந்த கொஞ்சத்தை அஸி பள்ளித் தோட்டத்தில் விதைக்கிறாள். கொடி வளர்கிறது, காய்க்கிறது. கடைசியில் பாட்டியும் வந்து சேர்கிறாள்.

இரண்டாவது, பால் ஃபிளைஷ்மன் எழுதிய 'சீட்ஃபோக்ஸ்' (1997). அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். குப்பை கொட்டிக் கிடக்கும் ஒரு காலி மனை எப்படித் தோட்டமாகிறது என்பதைப் பதின்மூன்று பேர் ஆளுக்கொரு அத்தியாயமாகச் சொல்கிறார்கள். முதலில் பேசுபவள் கிம். ஒன்பது வயது, வியட்நாமியக் குடும்பம். அப்பா இவள் பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். அவரது நினைவு நாளில் அம்மாவும் அக்காமாரும் அழுகிறார்கள், இவளுக்கு அழுகை வரவில்லை. நினைத்து அழ ஒரு நினைவும் இல்லை. அவருக்கும் இவள் முகம் தெரியாது. அப்பா ஊரில் விவசாயி. தானும் எதையாவது வளர்த்தால் எங்கிருந்தாவது பார்த்து 'இவள் என் பொண்ணு' என்று தெரிந்துகொள்வார் என்று கிம் நினைக்கிறாள். துருப்பிடித்த பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் மறைவில் ஆறு குழி தோண்டி லைமா பீன்ஸ் போடுகிறாள். நம்ம ஊர் காய்கறிக் கடையில் டபுள் பீன்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான்.

இரண்டு புத்தகத்திலும் ஊரை இழந்த ஒரு குடும்பத்துக் குழந்தை, ஒரு நகரம், கொஞ்சம் விதை. ஆனால் இரண்டும் இயற்கையிடம் கேட்பது வேறு வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன். 'அகதிக் குழந்தைகளை இயற்கையோடு இணைப்போம்' என்று இன்று பல நகரங்களில் நடக்கும் நல்ல முயற்சிகளுக்கும் அதே வித்தியாசம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

2

அஸியின் கதை நல்ல கதை. அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதைக் குறை சொல்லப் போகிறேன். வேலையில்லாமல் சுருங்கிப்போகும் அப்பாவின் உடலை கார்லண்ட் வரைந்திருக்கும் விதமும், பள்ளியில் ஒரு சொல்கூடப் புரியாமல் அஸி உட்கார்ந்திருக்கும் கட்டங்களும் மறக்காது. ஏழு வயதுக் குழந்தைக்குப் போரை இதைவிட நேர்மையாகச் சொல்வது கஷ்டம்.

பிரச்சினை அவரையில் இருக்கிறது. செடி வளர்கிறது, குழந்தை சிரிக்கிறது, அப்பா நிமிர்கிறார், பாட்டி வருகிறாள். கதைக்குள் இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் படங்களின் வரிசை அப்படி ஒரு தொடர்பை நம் மனசில் போட்டுவிடுகிறது: விதைத்தாள், அதனால் கிடைத்தது. மண்ணில் வேர் பிடித்தது, வாழ்க்கையிலும் வேர் பிடித்தது.

இந்த வேர் உருவகத்தை லீசா மால்க்கி என்ற மானுடவியலாளர் 1992இல் ஒரு கட்டுரையில் கேள்விக்கு உட்படுத்தினார். மக்களைத் தாவரங்களாகவும் நாட்டை மண்ணாகவும் நினைக்கப் பழகிவிட்டோம், அதனால் இடம் மாறியவர்களை 'வேரோடு பிடுங்கப்பட்டவர்கள்' என்கிறோம், பிடுங்கப்பட்ட செடி வாடும் என்பதால் அகதியை இயல்பு கெட்டவராக, ஏதோ கோளாறு உள்ளவராகப் பார்க்கத் தொடங்குகிறோம் என்பது அவரது வாதத்தின் சாரம். அப்படிப் பார்த்தால் அந்த மனிதரை அகதியாக்கிய அரசியல் மறைந்துபோகும். மிஞ்சுவது ஒரு வாடிய செடியும் அதை மறுநடவு செய்யும் நல்ல மனசும்தான்.

தமிழில் நமக்கு இந்த உருவகம் கட்டாயமில்லை. நாம் புலம்பெயர்தல் என்கிறோம். அதில் வேர் இல்லை, பிடுங்குவது இல்லை. புலம் என்றால் நிலம், வயல். அதே சொல்லுக்குப் புலன் என்ற பொருளும் உண்டு. பார்ப்பது, கேட்பது, முகர்வது எல்லாம் அதில் அடங்கும். நிலம் மாறும்போது புலனும் மாறுகிறது. மழைக்கு முந்தைய வாசனை வேறு, விடியலில் கத்தும் பறவை வேறு, வெயில் விழும் கோணம்கூட வேறு. புது நகரத்துக்கு வந்த குழந்தைக்கு நடந்திருப்பது இதுதான் என்று எடுத்துக்கொண்டால், 'வேர் பிடிக்க வைப்பது' நம் வேலையாக இருக்காது. அந்தக் குழந்தை தன் புலன்களை எப்படி மறுபடி நம்பத் தொடங்குகிறது என்று கவனிப்பதுதான் வேலையாகும்.

'சீட்ஃபோக்ஸ்' எனக்கு இங்கேதான் ஒரு படி மேலே தெரிகிறது. கிம்மின் அவரை யாரையும் திருப்பிக் கொண்டுவருவதில்லை. அப்பா செத்தவர் செத்தவர்தான். அவள் நிலத்திடம் கேட்பது குணமாவதை அல்ல. தன்னை அறியாத ஒருவருக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ள ஒரு வழி கேட்கிறாள். அதற்கு அவரை போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் விதைத்தது தப்பான நேரம். ஏப்ரல் மாதம் கிளீவ்லாந்து மண் இன்னும் குளிர்ந்து கிடக்கும், இந்தப் பயிருக்கு அந்தச் சூடு போதாது. தண்ணீர் ஊற்றப் போகும் வெண்டல் என்ற பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கவனிக்கிறார். ஆனாலும் முளைத்திருக்கிறதே! அந்தப் பழைய ஃபிரிட்ஜின் மேல் பட்டுத் திரும்பிய வெயில் மண்ணைச் சூடாக்கியிருக்கிறது என்பது அவருக்கு அப்புறம்தான் புரிகிறது. எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்த விவரம் இது. நகரத்து இயற்கை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. யாரோ தூக்கிப் போட்ட இரும்புப் பெட்டியும் அதில் சேர்த்தி.

3

'இயற்கையோடு இணைத்தல்' என்ற தொடரைக் கேட்கும்போதெல்லாம் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. எங்கள் வேலையில் இணைப்பு என்றால் ஒரு பக்கம் சர்வர், ஒரு பக்கம் கிளையண்ட். ஒன்றில் எல்லாம் இருக்கும், இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளும். இணைப்பு இல்லையென்றால் கிளையண்டின் திரை காலியாக இருக்கும். அகதிக் குழந்தையைப் பற்றிய பேச்சில் இந்தக் காலித் திரையைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. ரிச்சர்ட் லூவ் 2005இல் எழுதிய 'லாஸ்ட் சைல்ட் இன் த வுட்ஸ்' என்ற புத்தகம் 'இயற்கைக் குறைபாட்டு நோய்' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. அது மருத்துவப் பெயர் இல்லை என்று லூவே சொல்லியிருக்கிறார். திரையையும் டியூஷனையும் விட்டு வெளியே போகாத வசதியான நாட்டுக் குழந்தைகளைப் பற்றிய கவலை அது. அந்தக் குழந்தைகளுக்கு அது பொருந்தவும் செய்யும். சிக்கல் என்னவென்றால், அந்தக் குறைபாட்டுச் சட்டையை அளவெடுக்காமல் அகதிக் குழந்தைக்கும் மாட்டிவிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். சோமாலியாவில் ஆடு மேய்த்த வீட்டிலிருந்து, சிரியாவில் ஆலிவ் பறித்த வீட்டிலிருந்து, மியான்மரில் மலைச் சரிவில் நெல் போட்ட வீட்டிலிருந்து வரும் பத்து வயதுக் குழந்தைக்கு இயற்கை தெரியாதா? அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவளைப் பூங்காவுக்கு அழைத்துப்போகும் தன்னார்வலருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். எல்லா அகதிக் குழந்தைகளும் கிராமத்தார் இல்லை, உண்மைதான். அலெப்போவின் அடுக்குமாடியில் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள், முகாமிலேயே பிறந்து வேறெதையும் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். எல்லாருக்கும் ஒரே காலித் திரை என்று முடிவு கட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நம் திணைக் கோட்பாடு இங்கே எனக்கு உதவுகிறது. பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு நிலத்தின் கருப்பொருள் என்று இலக்கணம் எதையெல்லாம் எண்ணுகிறது என்று பாருங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். மரமும் பறவையும் மட்டும் இயற்கை ஆகவில்லை. அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எந்தத் தோற்கருவியை அடிக்கிறார்கள் என்பதும் சேர்ந்தால்தான் நிலம். நகரப் பூங்கா இதில் மரத்தையும் பறவையையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டது. பறிக்காதே, ஏறாதே, தீ மூட்டாதே, சத்தம் போடாதே. நிலத்தை வேலையாகவும் சாப்பாடாகவும் அறிந்த குழந்தைக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை, பார்க்க மட்டும்தான் முடியும். அவள் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் 'பாவம், இயற்கையோடு ஒட்டவில்லை' என்று யாராவது குறிப்பெழுதிக்கொள்வார்கள்.

'சீட்ஃபோக்ஸ்' புத்தகத்தில் கொன்சாலோ என்ற பையன் சொல்லும் அத்தியாயம் இதைத் தொடுகிறது. குவாதமாலாவிலிருந்து வந்தவன். அமெரிக்காவுக்கு வந்தால் பெரியவர்களுக்கு வயசு குறைந்துவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. மொழி தெரியாத அப்பா குழந்தையாகிவிடுகிறார், டிவியும் விளையாட்டு மைதானமும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பையன் அப்பாவுக்கு அப்பாவாகிவிடுகிறான். வீட்டில் ஹுவான் என்ற பெரிய தாத்தா ஒருவர். ஊரில் விவசாயி. ஸ்பானிஷ்கூடத் தெரியாது, தன் பழங்குடி மொழி மட்டும்தான். கிளீவ்லாந்தில் அவரோடு பேச ஆளே இல்லை. பையனுக்கு அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பெரிய தொல்லை. ஒருநாள் தாத்தா அந்தத் தோட்டத்துக்குள் போகிறார். எந்தச் செடியை எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று கையாலேயே காட்டத் தொடங்குகிறார். குழந்தையாகிப் போயிருந்த மனிதர் மறுபடி பெரியவர் ஆவதைப் பையன் பார்க்கிறான்.

இங்கே குழந்தையை இயற்கையோடு இணைத்தது யார்? திட்டமும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. அவன் வீட்டுத் தாத்தாவேதான். அகதிக் குடும்பங்களில் குழந்தைகள் மொழிபெயர்ப்பாளர்களாக, படிவம் நிரப்புபவர்களாக, ஆஸ்பத்திரியில் அம்மாவின் நோயை டாக்டருக்குச் சொல்பவர்களாக மாறிவிடுகிறார்கள். ஒரு மணி நேரமாவது அந்தப் படிநிலை தலைகீழாகி, பெரியவருக்குத் தெரிந்து குழந்தைக்குத் தெரியாத ஒன்று கையில் கிடைத்தால் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு! குழந்தைகளை மட்டும் தனியாகப் பஸ்ஸில் ஏற்றிக் காட்டுக்குக் கூட்டிப்போகும் திட்டங்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடுகின்றன.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1990களின் நடுவில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். போஸ்னியப் போரிலிருந்து தப்பி வந்த பெண்கள் தேநீர் குடிக்கக் கூடும் ஒரு ஆலோசனை மையம். உங்களுக்கு இங்கே எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதில்: எங்கள் தோட்டம். அந்தப் பதிலிலிருந்து உருவான சர்வதேசத் தோட்டங்கள், பின்னால் ஜெர்மனி முழுக்கப் பரவிய பண்பாட்டிடைத் தோட்டங்களுக்கு முன்மாதிரி ஆயின. அங்கே யாரும் அந்தப் பெண்களுக்கு இயற்கையை அறிமுகம் செய்யவில்லை. கேட்டார்கள், இடம் கொடுத்தார்கள். அம்மா களை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் தன்பாட்டுக்கு வளர்ந்தார்கள்.

4

இதுவரை இயற்கை நல்லது என்ற அனுமானத்தை நானும் கேள்வி கேட்காமல்தான் பேசினேன். அதையும் கொஞ்சம் தொட்டுவிட வேண்டும்.

போலந்துக்கும் பெலாரூசுக்கும் இடையில் பியாவோவிசியா காடு. ஐரோப்பாவின் சமவெளிகளில் மிச்சமிருக்கும் மிகப் பழைய காடுகளில் ஒன்று, உலகப் பாரம்பரியச் சின்னம், காட்டெருதுகளின் வீடு. 2021இலிருந்து மத்திய கிழக்கிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் இந்தக் காட்டு வழியாக எல்லை தாண்ட முயன்றார்கள். இரண்டு பக்கமும் திருப்பித் தள்ளப்பட்டுக் குளிரில் சிக்கிச் செத்தவர்கள் உண்டு. 2022இல் போலந்து அரசு 186 கிலோமீட்டருக்கு, ஐந்தரை மீட்டர் உயர இரும்புச் சுவர் எழுப்பியது. அந்தக் காட்டில் இரண்டு மூன்று இரவைக் கழித்த குழந்தை பிறகு ஏதோ ஒரு நகரத்தில் பள்ளியில் சேர்கிறது என்று வையுங்கள். சனிக்கிழமை காலை 'வாங்க, காட்டுக்குப் போகலாம்' என்று ஒரு நல்ல டீச்சர் கூப்பிடுகிறார். பாசியின் ஈர வாசனை அந்தக் குழந்தையின் உடம்புக்கு என்ன சொல்லும்?

கடலும் அப்படித்தான். வன்னியில் பங்கரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும், 2009இல் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் ஒதுங்கியிருந்த பிள்ளைகளுக்கும் மணலும் அலையும் எதை ஞாபகப்படுத்தும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மிதிவெடி புதைத்த ஊரில் வளர்ந்த குழந்தைக்கு 'வெறுங்காலோடு புல்லில் நட, சுகமாக இருக்கும்' என்று சொல்வது கருணை ஆகாது.

கனடாவில் நம்மவர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவை ஒட்டி ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. 2015இல் சட்டப்படி உருவானது, ஏறக்குறைய 79 சதுர கிலோமீட்டர். காடு, ஆறு, சதுப்பு, விளைநிலம் எல்லாம் மாநகரத்தின் விளிம்பிலேயே. கனடாவின் பூங்காத் துறை 2011இலிருந்து 'லேர்ன் டு கேம்ப்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. புதிதாகக் குடியேறியவர்களுக்கும் நகரத்துக் குடும்பங்களுக்கும் கூடாரம் அடிக்க, வெளியில் சமைக்க, காட்டில் இரவு தங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். நோக்கம் நல்லது, போய்வந்தவர்கள் சந்தோஷமாகப் பேசுவதையும் கேட்கலாம். ஆனாலும் தமிழில் யோசிக்கும்போது ஒரு சின்ன முள் குத்துகிறது. நமக்கு கேம்ப் என்றால் என்ன? முகாம். மண்டபம் கேம்ப். தமிழ்நாட்டு அரசு 2021இல் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, முகாம் என்ற சொல் மட்டும் கூடவே இருக்கிறது. கூடாரத்தில் வாழ்ந்து களைத்த ஒரு குடும்பத்துக்குக் கூடாரம் அடிக்கச் சொல்லிக்கொடுப்பதில் உள்ள முரண் ஆங்கிலத்திலும் அதே சொல்லாகத்தான் இருக்கிறது. அங்கே அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதனால் அந்தத் திட்டத்தை மூடிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. விரும்பி வாங்கிய கூடாரமும் வேறு வழியில்லாமல் கிடைத்த கூடாரமும் ஒன்றில்லை என்பதைக் குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? சாயங்காலம் திரும்பிப்போக வீடு இருப்பதில் இருக்கிறது. இயற்கை சுகமானது என்பது வீடு இருப்பவர்களின் அனுபவம். புலம்பெயர் எழுத்தில் நாம் பனியும் பனி சார்ந்த இடமும் என்று ஆறாம் திணையைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். அந்தத் திணையிலும் பனியை முதல் தடவை பார்த்த வியப்பு ஹீட்டர் உள்ள அறையின் ஜன்னலிலிருந்துதான் கவிதையாகும். பஸ் நிறுத்தத்தில் மெல்லிய ஜாக்கெட்டோடு நிற்பவனுக்கு அது வெறும் குளிர்.

5

பெர்லின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டது. 2010இல் அதன் ஓடுபாதைகளும் புல்வெளியும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நகரின் நடுவில் 300 ஹெக்டேருக்கும் மேல் வெறும் வானமும் புல்லும். அதில் ஒரு பகுதியில் வீடு கட்டலாம் என்று நகர அரசு யோசித்தபோது 2014 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடந்து, வாக்களித்தவர்களில் 64 சதவீதத்துக்கும் மேல் கட்டக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டே, 2015 இறுதியில், அதே நிலையத்தின் விமானக் கொட்டகைகளில் சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். தடுப்புகள் போட்ட, மேல்கூரை இல்லாத சின்னச் சின்ன அறைகள், மேலே விமானத்துக்காகக் கட்டிய கூரை.

கரீம் ஐனூஸ் இயக்கிய 'சென்ட்ரல் ஏர்போர்ட் டிஎச்எஃப்' (2018) இந்தக் கொட்டகைகளுக்குள் நடந்த ஒரு வருட வாழ்க்கையைப் பின்தொடரும் ஆவணப்படம். சிரியாவிலிருந்து வந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் குரல் படத்தை நடத்திச் செல்கிறது. ஐனூஸ் எதையும் அழுத்திச் சொல்வதில்லை. உள்ளே தடுப்பூசி, ஜெர்மன் வகுப்பு, காத்திருப்பு. வெளியே பட்டம் விடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், புல்லில் சாய்ந்து கிடப்பவர்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம். இந்தப் படத்தில் அவரை விதை இல்லை. யாரும் எதையும் நட்டுக் குணமாவதில்லை. பருவங்கள் மட்டும் மாறுகின்றன. 'அகதியும் நகரத்து இயற்கையும்' என்று தலைப்பு வைத்து ஒருவர் பார்க்க வேண்டிய படம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு பெரிய வெளி கண் முன்னால் இருந்தும் அது தன்னுடையதாகாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இது காட்டுகிறது. தூரம் சில நூறு மீட்டர்தான். அதை அளக்க மீட்டர் உதவாது, கையில் இருக்கும் காகிதம்தான் அளவுகோல்.

அந்த வெளியைப் பற்றி இரண்டு விவரங்கள். ஒன்று, அங்கே 2011இலிருந்து பெரிய சமூகத் தோட்டம் ஒன்று இயங்குகிறது. தற்காலிக அனுமதி என்பதால் தரையைத் தோண்டக் கூடாது. பலகைப் பெட்டிகளிலும் பழைய சாமான்களிலும் மண் நிரப்பித்தான் செடி வைக்கிறார்கள். வேர் தரையைத் தொடாது, செடி காய்க்கும். மால்க்கியின் கட்டுரைக்கு மரப்பெட்டியில் எழுதிய அடிக்குறிப்பு மாதிரி இருக்கிறது. இரண்டு, அந்தப் புல்வெளி வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் இடம். இனப்பெருக்கக் காலத்தில் சில பகுதிகளை வேலி போட்டு மூடிவிடுகிறார்கள், மனிதர் யாரும் உள்ளே போகக் கூடாது. குளிருக்கு வெளியூர் போய்த் திரும்பி வரும் பறவைக்கு நகரம் ஒரு பருவம் முழுக்கத் தொந்தரவில்லாத இடத்தை உத்தரவாதம் செய்கிறது. அந்த ஏற்பாட்டைக் கேலி செய்யவில்லை, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. பறவைக்குப் புரிந்துகொண்ட விஷயத்தைக் குழந்தைக்கும் புரிந்துகொள்ளலாமே என்றுதான் படுகிறது. முட்டை பொரிய வேண்டுமென்றால் இடத்தை மாற்றக் கூடாது.

6

சரி, அப்போ என்னதான் செய்யணும்? விமர்சகனிடம் இந்தக் கேள்வி நியாயமாகவே வரும்.

சின்ன விஷயங்கள் சில இருக்கின்றன. செடியின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் முன் 'உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?' என்று கேட்கலாம். அதே செடி அங்கே இல்லையென்றால் 'இது மாதிரி எது இருக்கு?' என்று கேட்கலாம். குழந்தையோடு பாட்டியையும் தாத்தாவையும் கூப்பிடலாம். காட்டுக்குப் போக விருப்பமில்லாத குழந்தைக்கு விருப்பமில்லை என்று சொல்ல இடம் கொடுக்கலாம். பார்த்தால் மட்டும் போதும் என்ற பூங்காவைவிட பறிக்க, சமைக்க, அழுக்காக அனுமதி உள்ள ஒரு மூலை நல்லது. வருஷத்துக்கு ஒரு முறை நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகும் சுற்றுலாவைவிட, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வாரா வாரம் ஒரே மரத்தடி நல்லது.

இவை எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன. அந்தக் குழந்தை அடுத்த வாரமும் அங்கே இருக்க வேண்டும்.

அவரை விதைத்தால் காய் பறிக்கக் கிட்டத்தட்ட இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகும். அகதி நிர்வாகத்தின் கடிகாரம் வேறு. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, கையில் காசில்லாமல் புகலிடம் கேட்பவர்களை அரசு தான் தேர்ந்தெடுக்கும் ஊர்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. எந்த ஊர் என்று அவர்கள் சொல்ல முடியாது. ஜெர்மனியில் மாநிலங்களுக்கு இடையே அகதிகளைப் பங்கிட ஒரு சூத்திரம் உண்டு: மூன்றில் இரண்டு பங்கு வரி வருமானம், ஒரு பங்கு மக்கள்தொகை. எங்கள் மொழியில் இதை லோட் பேலன்சிங் என்போம். அமைப்பின் பார்வையில் நியாயமான ஏற்பாடுதான், ஒரு சர்வர் மட்டும் திணறக் கூடாதே. ஆனால் வேறு சர்வருக்கு அனுப்பப்படும் கோரிக்கைக்கு நினைவு கிடையாது. குழந்தைக்கு உண்டு. முதலில் ஒரு வரவேற்பு மையம், பிறகு ஒரு விடுதி, அதன் பிறகு ஒரு வீடு. ஒவ்வொரு மாற்றத்திலும் பள்ளி மாறுகிறது, பஸ் எண் மாறுகிறது, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் மாறுகிறது. விதைத்த செடி யார் வீட்டுக்கோ காய்க்கிறது.

அதனால்தான் 'இயற்கையோடு இணைத்தல்' என்பதை மனநலத் திட்டமாக மட்டும் பேசும்போது எனக்கு ஒப்பவில்லை. ஒரு பருவம் முழுக்க ஒரே முகவரி என்பது குடியேற்றக் கொள்கை சார்ந்த விஷயம், வீட்டுவசதி சார்ந்த விஷயம். தோட்டத்துக்கு நிதி கொடுக்கும் அரசே அந்தக் குழந்தையை நடுப் பருவத்தில் வேறு ஊருக்கு மாற்றும் கடிதத்தையும் அனுப்புகிறது. இரண்டும் வேறு வேறு துறை என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. தோட்டம் நடத்தும் தன்னார்வலர்கள் இந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றியும் பேச வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதன் ஒரு பகுதி அது.

'சீட்ஃபோக்ஸ்' முடியும் இடம் எனக்கு இந்தக் கோணத்தில்தான் இப்போது தெரிகிறது. கடைசி அத்தியாயம் ஃபுளோரன்ஸ் என்ற வயதான பெண்ணுடையது. தோட்டத்தில் வேலை செய்தவரில்லை, வேடிக்கை பார்ப்பவர். கோடை முடிகிறது, அறுவடை முடிகிறது, பனி விழுந்து எல்லாம் மூடிப்போகிறது. குளிர்காலம் முழுக்க அவருக்கு ஒரு பயம்: அடுத்த வருஷம் யாரும் வராமல் போய்விட்டால்? ஒருவர் ஊர் மாறியிருக்கலாம், இன்னொருவருக்கு அலுத்திருக்கலாம். ஏப்ரல் வருகிறது. ஒருநாள் பார்த்தால் அந்த மனையில் ஒரு சின்னப் பெண் குனிந்து தோண்டிக்கொண்டிருக்கிறாள். மறுபடி லைமா பீன்ஸ்.

முதல் தடவை வாசித்தபோது இதைப் பருவச் சுழற்சி, நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடத் தோன்றும். இப்போது அதில் ஒரு சாதாரணத் தகவல்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு வருடம் கழித்தும் கிம் அதே தெருவில் இருக்கிறாள்.